கேசட்டின் மறுபக்கம்

சபராளிகளின் வீட்டுப் பரணையோ இரும்புப் பீரோவின் கீழ்த்தட்டையோ துழாவினால் இன்றும் ஒரு பிஸ்கட் டப்பா அகப்படும். உள்ளே நாகூர் ஹனீபாவின் பாடல்கள், காரி அப்துல் பாஸித்தின் கிராஅத், என்றோ ஓர் ஊரில் நடந்த மீலாது மேடைப் பேச்சு என்று பத்துப் பதினைந்து கேசட்டுகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே, உறையில்லாமல், முகப்பில் நீல மையால் ஒரு பெயரும் ஒரு மாதமும் மட்டும் எழுதப்பட்ட சில கேசட்டுகளும் கிடக்கும். அவை எந்தக் கடையிலும் வாங்கியவை அல்ல. ஒருவர் மற்றொருவருக்குப் பேசி அனுப்பிய கடிதங்கள் அவை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு இந்தச் சிறு கேசட்டை வெளியிட்டபோது, அலுவலகங்களில் வாய்மொழியாகக் குறிப்பெடுக்க உதவும் என்றே எண்ணியிருந்தது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அது தாய் மகனோடு பேசும் கருவியாகும் என்று அந்நிறுவனத்தார் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். 1973க்குப் பின் எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகியபோது, பர்மா, மலாயா, சிலோன் என்று போய்ப் பழகிய நம் ஊர்கள் திசையை மாற்றிக்கொண்டன. போனவர்கள் முதல் விடுமுறையில் கொண்டுவந்த பொருள்களில் அத்தரும் போர்வையும் எப்படி நிச்சயமோ, அப்படியே நேஷனல் பானாசோனிக் டூ-இன்-ஒன்னும் நிச்சயம்.

நம் தாய்மார்கள் கேசட்டை அத்தனை விரைவாக ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் குர்ஆன் ஓதுவார்கள். அரபுத்தமிழில் எழுதவும் படிக்கவும் செய்வார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதும் அந்தக் கலை நம் தலைமுறைக்கு வரும்போது ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆக, தாய்க்குத் தெரிந்த எழுத்து மகனுக்குத் தெரியாது; மகன் எழுதும் எழுத்து தாய்க்குத் தெரியாது. இடையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை உட்கார்ந்து கடிதம் எழுத வேண்டும். வரும் கடிதத்தையும் அதே பிள்ளை வாசித்துக் காட்ட வேண்டும். பிள்ளைக்கு முன்னால் எதைச் சொல்ல முடியும்? "நலம், நலமறிய ஆவல்" என்பதற்கு மேல் அந்தக் கடிதங்கள் பெரும்பாலும் போனதில்லை. கேசட் வந்து அந்தப் பிள்ளையை எழுந்து விளையாடப் போகச் சொல்லிவிட்டது.

நாம் 1988இல் துபாய்க்குச் சென்றோம். வயது 22. தேராவில் ஓர் அறையில் எட்டுப் பேர், இரண்டடுக்குக் கட்டில்கள். அறைக்கு ஒரு டேப் ரிக்கார்டர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோறு உண்டபின், யாருக்காவது ஊரிலிருந்து கேசட் வந்திருந்தால் அதைப் போடுவோம். தொதலும் மாசிக்கருவாடும் ஊறுகாயும் கட்டிய பொதிக்குள் துணியில் சுற்றிக் கேசட்டை வைத்து அனுப்புவார்கள். பெட்டியைத் திறந்ததும் அதிலிருந்து மாசி மணக்கும். முதல் முறை கேட்பது உரியவர் மட்டும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, போர்வைக்குள் முகத்தை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு அவர் விரும்பினால் பொதுவில் ஒலிக்கும். சேவல் கூவுவதையும், கிணற்று உருளை கிறீச்சிடுவதையும், யாரோ ஒரு பெண் "மீனு வேணுமா" என்று தெருவில் கேட்பதையும் எட்டுப் பேரும் வாய் பேசாமல் கேட்டிருப்போம். உரியவர் முதலில் கேட்க வேண்டும் என்ற விதியை எவரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் எவரும் மீறியதுமில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. நம் ராத்தாவின் மூத்த மகன் மூன்று வயதுவரை, "வாப்பா எங்கே?" என்று யார் கேட்டாலும் மேசைமேல் இருந்த டேப் ரிக்கார்டரைக் கை நீட்டிக் காட்டுவான். கூடியிருந்தவர்கள் சிரிப்பார்கள். ராத்தா மட்டும் சிரிக்கமாட்டார். குடும்பத்தலைவர் ஒரு பெட்டிக்குள் குரலாக இருந்த காலம் அது. பழைய நினைவுகளில் தோய்கிறவர்கள், அந்தக் கேசட்டுகள் ஏன் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

2012இல் ஊர் திரும்பி நிலைத்தபின், கையும் மனமும் ஓய்ந்திருந்த நாட்களில், நம் வீட்டு டூ-இன்-ஒன்னைப் பிரித்தோம். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் ரப்பர் பெல்ட் உருகிக் கருந்தாராக ஒட்டிக்கிடந்தது. பழைய கருவிகளில் இது வழக்கமான நோய். அதைச் சுரண்டித் துடைக்க ஒரு மாலை ஆயிற்று; புதுப் பெல்ட் வாங்கச் சென்னை ரிச்சி தெருவில் நான்கு கடை ஏறி இறங்கினோம். பாட ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டார் ஒரு கேசட்டைக் கொண்டுவந்தார். பிறகு அவருடைய மச்சான். இப்போது மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் நம் சாப்பாட்டு மேசையில் தட்டுகளைவிடத் திருகாணிகளே அதிகம் என்று துணைவியார் சொல்கிறார். "மீன் குழம்புல ஸ்க்ரூ கிடந்தா நான் பொறுப்பில்ல" என்றும் எச்சரித்திருக்கிறார்.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்க விரும்புவோருக்குச் சிலவற்றைச் சொல்லிவைப்பது நல்லது. பல ஆண்டுகள் கிடந்த கேசட்டை எடுத்த எடுப்பில் கருவியில் போட்டுவிடக் கூடாது. முதலில் வெளிச்சத்தில் பிடித்து, சுருளின் ஓரத்தில் வெண்மையாகப் பூத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும். பூத்திருந்தால் முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, நாடாவை மெல்லக் கையால் சுற்றி, மென்மையான பருத்தித் துணியால் தொட்டுத் துடைக்க வேண்டும். பூஞ்சை இல்லையென்றால், பென்சிலைச் செருகிச் சிறிது சுற்றிப் பார்த்து, இறுக்கம் இல்லை என்று தெரிந்தபின், ஒருமுறை முழுவதும் முன்னோட்டிப் பின்னோட்டிய பிறகே ஒலிக்கவிட வேண்டும். ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் அப்போதுதான் பிரியும். கேசட் வாயின் நடுவில், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு ஒன்று உண்டு. பசை காய்ந்து அது உதிர்ந்துவிட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். பலர் நாடாவே கெட்டுவிட்டது என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள். ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாச் சுருள்களை வேறொரு நல்ல கூட்டுக்குள் மாற்றினால் போதும். அறுந்த நாடாவைச் சாதாரண செலோடேப்பால் ஒட்டவே கூடாது. அதன் பசை கசிந்து அடுத்த சுற்றையும் கெடுக்கும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள சிறு திருகாணியை மயிரிழை அளவு திருப்பினால் 'ஸ', 'ஷ' ஒலிகள் திடீரெனத் தெளியும். எத்தனை முறை செய்தாலும், அந்தக் கணம் நம்மைச் சிறுபிள்ளையாக்கிவிடுகிறது.

பிறகு கருவியிலிருந்து கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றிவிடலாம். கைப்பேசியை ஸ்பீக்கர் முன் பிடித்துப் பதிவுசெய்தால் மின்விசிறிச் சத்தம்தான் மிஞ்சும். ஆடாசிட்டி என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அரை மணி நேர ஒரு பக்கத்தை 'வேவ்' கோப்பாகச் சேமித்தால் 300 எம்.பி. அளவு வரும். அதை அப்படியே வைத்துக்கொண்டு, பகிர்வதற்குச் சிறிய படியைத் தனியாக எடுப்பது முறை.

மகனுக்கு 13 வயது. அவன் விரல்கள் சிறியவை; கூட்டைத் திறக்கவும் நுண்ணிய உருளைகளை உரிய இடத்தில் வைக்கவும் நம்மைவிட அவனே கெட்டிக்காரன். கேசட் நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது, அரை மணி நேரப் பேச்சுக்கு எத்தனை மீட்டர் நாடா வேண்டும் என்று ஒருநாள் கேட்டோம். காகிதத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டு, "ஏறக்குறைய 86 மீட்டர், வாப்பா! நம்ம தெருவே அவ்வளவு நீளம் இருக்காதே" என்றான். ஆனால் நண்பர்கள் அனுப்பும் குரல்செய்திகளை அவன் கேட்பது இரட்டை வேகத்தில். ஒரு கேசட்டில் முதியவர் ஒருவர் நிதானமாக, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஸலாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, "இதை ஸ்பீடா வைக்க பட்டன் இல்லையா?" என்று கேட்டான். நாம் பதில் சொல்லவில்லை. அந்த முதியவர் 17 பேருக்கு ஸலாம் சொல்லி முடிக்கும்வரை அவனையும் உட்காரவைத்தோம்.

மகளுக்கு 20 வயது. அவள்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஊரார் கேசட்டையெல்லாம் பழுதுபார்க்கிறோமே, "வாப்பும்மா குரல் நம்மகிட்ட இருக்கா, வாப்பா?" என்றாள்.

இருந்தது, ஒன்றே ஒன்று.

கேசட் கடிதங்களின் இயல்பைச் சொன்னால்தான் இது விளங்கும். அவற்றை யாரும் சேர்த்துவைக்கவில்லை. வந்த கேசட்டைக் கேட்டுவிட்டு, அதன்மேலேயே மறுமொழி பேசித் திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். உம்மாவின் குரலை அழித்துத்தான் நம் குரல் பதியும். நம் குரலை அழித்து அடுத்த மாதம் உம்மாவின் குரல் வரும். ஏழு ஆண்டுகளில் இரண்டு கேசட்டுகளே கடலுக்கு அங்குமிங்குமாகப் போய்வந்தன. 1995 நவம்பரில் வந்த கேசட்டில் உம்மா ஒரு காரியத்தை ஒப்படைத்திருந்தார். பெயர்களும் தொகைகளும் அதில் இருந்தமையால், காரியம் முடியும்வரை அழிக்காமல் வைத்துக்கொண்டு, மறுமொழியை வேறு கேசட்டில் பேசி அனுப்பினோம். 1996 ஜனவரியில், நோன்பு பிறப்பதற்குச் சில நாட்கள் முன், உம்மா வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அன்றிரவு நகவெட்டியால் அந்தக் கேசட்டின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் முறித்தோம். அவற்றை முறித்துவிட்டால் எந்தக் கருவியிலும் பதிவுப் பொத்தான் அமுங்காது.

உம்மா வாழ்நாளில் நிழற்படம் எடுத்துக்கொள்ள இசைந்ததில்லை. நமக்கு நிக்காஹ் ஆனது 1998இல். ஆகவே துணைவியாருக்கும் பிள்ளைகளுக்கும் அவர் முகமும் தெரியாது, குரலும் தெரியாது. நாம் சொல்லும் கதைகளில் வந்துபோகும் ஒருவர், அவ்வளவே.

முதல் பக்கத்தை எல்லோரும் ஒன்றாக அமர்ந்து கேட்டோம். நாடா நல்ல நிலையில் இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். பிஸ்மி சொல்லித் தொடங்கி, ஒரு கணம் நின்று, "ஓடுதா?" என்று யாரிடமோ கேட்கிறார் உம்மா. "ஓடுது, பேசுங்க" என்று தொலைவிலிருந்து ராத்தாவின் குரல். பிறகு அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசுகிறார். மழைக்கு முன் ஓடு மாற்றியது, ஆடு குட்டி போட்டது, மேலத்தெருவில் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் சோறு குழைந்துபோனது, நாம் வெயிலில் தொப்பி இல்லாமல் திரிவதாகக் கேள்விப்பட்டது. பேச்சுக்கு நடுவே 'டிக்... டிக்' என்று ஓர் ஓசை விட்டு விட்டு வருகிறது. கருவியின் பழுதோ என்று மகன் எழுந்தான். நாம் கையமர்த்தினோம். அது உம்மாவின் பாக்குவெட்டி.

மகள் கேட்டு முடித்துவிட்டு, "ராத்தா மாமி மாதிரியே பேசறாங்க" என்றாள். அவள் சொன்னதும், அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. அன்னை கதீஜா (ரலி) மறைந்து ஆண்டுகள் பல கழிந்தபின், அவருடைய சகோதரி ஹாலா (ரலி) நபியவர்கள் (ஸல்) வீட்டு வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்கிறார். அனுமதி கேட்ட அந்த விதத்தில் கதீஜாவையே உணர்ந்து நபியவர்கள் நெகிழ்ந்துபோனார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சூரா ரூம் (30:22) சொல்கிறது. ஒருவர் குரலைப்போல் மற்றொருவர் குரல் இராமையையும் விரிவுரையாளர்கள் சிலர் இதில் சேர்ப்பார்கள். இருந்தும் ஓர் உடன்பிறப்பின் தொண்டையில் இன்னொருவர் குரலின் சாயலை அவன் வைத்திருக்கிறான்.

மறுபக்கத்தைப் போடவில்லை. "அது எனக்கு மட்டும் சொன்னது" என்றதும் மகன் ஏதோ கேட்க வாயெடுத்தான். மகள் அவன் காலை மிதித்தாள்.

அந்தப் பக்கத்தின் தொடக்கத்தில், "இரு, கதவச் சாத்திட்டு வாரேன்" என்கிறார் உம்மா. தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்கிறது. பாக்குவெட்டி ஒலிக்கவில்லை. குரல் தாழ்ந்து, கருவிக்கு மிக நெருக்கமாக வந்து, 11 நிமிடங்கள் பேசுகிறார். அது ராத்தாவின் குடும்ப வாழ்க்கை பற்றியது. "அவளுக்குத் தெரிய வேணாம், தம்பி" என்று இரண்டு முறை சொல்கிறார். என்ன சொன்னார் என்பதை இங்கேயும் எழுதப்போவதில்லை. ஒப்படைத்த காரியத்தை அல்லாஹ்வின் உதவியால் அந்த ஆண்டே முடித்தோம்.

முதல் பக்கத்தின் செய்தி குடும்பத்தில் பரவிற்று. சென்னை, துபாய், கோலாலம்பூர் என்று சிதறியிருக்கும் உறவினர் குழுவில் ஆளாளுக்குக் கேட்கத் தொடங்கினார்கள். பெண்ணின் குரலைக் குழுவில் பகிரலாமா என்ற பேச்சும் எழுந்தது. அதில் கருத்து வேறுபாடு உள்ளதால் அந்த வாதத்துக்குள் நாம் நுழையவில்லை. பேரப்பிள்ளைகளுக்கும் பிறந்த பிள்ளைகளுக்கும் தனித்தனியே அனுப்பினோம். நமது கவலை வேறொன்று. ராத்தா தொலைபேசியில், "ரெண்டு பக்கமும் அனுப்பு, தம்பி" என்றார்.

மறுப்பதற்கு நமக்கு என்ன உரிமை? அவருக்கும் உம்மாதான். இன்னும் சொல்லப்போனால், உம்மாவை இறுதிவரை பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். நாம் மாதம் ஒரு கேசட் அனுப்பியவர். கணவர் மறைந்து, பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியே இருக்கும் அவருக்கு உம்மாவின் குரல் இன்னும் 11 நிமிடம் கேட்கக் கிடைக்கும் என்றால் அது சிறிய செல்வமன்று. ஆனால் உம்மா "தெரிய வேணாம்" என்றது அவரிடமிருந்துதான். சொன்னவர் மறைந்துவிட்டார், காரியம் முடிந்து 28 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தச் சொல் இன்னும் நம்மைக் கட்டுமா?

அறிமுகமான ஆலிம் ஒருவரிடம், பெயர்களைச் சொல்லாமல் கேட்டோம். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாரானால் அது அமானிதம் என்ற கருத்துள்ள நபிமொழியை அவர் நினைவூட்டினார். அது அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. "உங்க உம்மா திரும்பிப் பார்த்ததோட நிக்கல, கதவையே சாத்தியிருக்காங்க" என்றார். பிறகு சற்று யோசித்து, "இருக்குங்கறதை மறைக்காதீங்க. இருக்கு, ஆனா எனக்கு ஒப்படைச்சதுன்னு நேரா சொல்லுங்க. அதுக்கு மேல அவங்க என்ன கேக்கறாங்கன்னு பாருங்க" என்றார். பொய் சொல்லாமலும் சொல்லைக் காட்டிக்கொடுக்காமலும் நடக்க அது ஒரு வழியாகத் தெரிந்தது. தொலைபேசியில் சொல்லும் விஷயமன்று என்பதால் நேரில் போனோம்.

ராத்தா முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தேநீர் கொடுத்தார். ஆலிம் சொன்னபடியே சொன்னோம்: மறுபக்கத்தில் உம்மா பேசியிருக்கிறார், அது நமக்கு மட்டும் என்று சொல்லிப் பேசியது, ஆகையால் அனுப்பவில்லை. அவர் கீரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"உம்மாவுக்கு அந்த மெசின்ல பட்டன் அமுக்கத் தெரியாதே, தம்பி. யாரு அமுக்கிக் கொடுத்தா?"

நாம் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. மறுபக்கத்தின் இறுதியில், உம்மா பேசி முடித்தபின் நீண்ட நேரம் வெற்று நாடா ஓடும். அதன்பின் தாழ்ப்பாள் ஓசை, காலடி, பொத்தான் அமுங்கும் 'டக்'. எத்தனையோ முறை கேட்ட அந்த 'டக்' யாருடைய விரல் என்று அப்போதுதான் விளங்கிற்று.

"பட்டன அமுக்கிட்டு வெளிய போன்னாங்க. போனேன். நம்ம வீட்டுக் கதவு என்ன, கோட்டைக் கதவா?" என்றார் ராத்தா. "அன்னைக்கே தெரியும். நீ செஞ்சதும் தெரியும். உம்மாவுக்கு நான் கேட்டது தெரியக் கூடாது, அவங்க மனசு தாங்காது. உனக்குத் தெரிஞ்சா நீ என் முகத்தப் பார்க்கக் கூச்சப்படுவே. அதான் விட்டுட்டேன்."

அதற்குமேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கீரை ஆய்ந்து முடியும்வரை முருங்கை மரத்தைப் பற்றியும் குடிநீர்க் குழாயைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். அஸர் தொழுதபின், "கொண்டாந்திருக்கியா?" என்றார். கொண்டுபோயிருந்தோம். காதில் மாட்டும் கருவியைக் கொடுத்துவிட்டு நாம் தெருத் திண்ணையில் போய் உட்கார்ந்தோம். 11 நிமிடத்துக்குப் பிறகும் அவர் அழைக்கவில்லை. ஓடட்டும் என்று விட்டோம். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ஆனால் சொன்னது வேறு. "பாக்கு வெட்டாம உம்மா இவ்வளவு நேரம் இருந்ததே இல்ல, பாத்தியா."

அந்தப் பக்கத்தை அழிக்க வேண்டாம், ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்பது அவர் முடிவு. கணினியில் அதன் படி ஒன்று மட்டும் கடவுச்சொல்லோடு இருக்கிறது. கடவுச்சொல் நம் இருவருக்குத்தான் தெரியும். இந்தக் கட்டுரையில் எழுதிய அளவையும் அவரிடம் வாசித்துக் காட்டி, அவர் இசைந்த பின்பே எழுதுகிறோம். ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் சொன்னார்: மேலத்தெருக் கல்யாணத்தில் சோறு குழையவில்லையாம், கறிதான் வேகவில்லையாம். உம்மா சொன்னபடியே விட்டிருக்கிறோம்.

நம்மிடம் கேசட் கொண்டுவருவோரிடம் இப்போது முதலிலேயே கேட்டுவிடுகிறோம்: யார் யாருக்குப் பேசியது, பேசியவரோ கேட்டவரோ உயிரோடு இருக்கிறார்களா, அவர்களிடம் சொல்லிவிட்டீர்களா? சிலருக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. பழுதுபார்க்க வந்தால் விசாரணை நடக்கிறது என்கிறார்கள். நடக்கட்டும். ஒலியைச் சரிபார்க்க நாம் கேட்டாக வேண்டியது ஒவ்வொரு பக்கத்திலும் முதல் ஒரு நிமிடம் மட்டுமே. ஸலாமும் பிஸ்மியும் தெளிவாக விழுந்தால் மீதியும் சரியாகவே இருக்கும். பிறகு ஒலியைக் குறைத்துவிட்டு, திரையில் அலைக்கோடு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்திருக்கிறோம். நாடா அழிவதற்குள் செய்துவிட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் கேசட் கெடும் முன்பே ஓட்டும் கருவி கெட்டுவிடுகிறது, அதைப் பழுதுபார்ப்போரும் அருகிவருகின்றனர்.

நாம் புறப்படும்போது ராத்தா பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தார். மச்சான் ஜித்தாவிலிருந்து பேசி அனுப்பியவை, ஒன்பது கேசட்டுகள். மூன்றில் பூஞ்சை. ஒன்றின் கம்பளித் துண்டு உதிர்ந்து உள்ளேயே உருண்டது. இதுவரை இரண்டை முடித்திருக்கிறோம். ஒவ்வொரு கேசட்டின் அட்டையிலும் ராத்தா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "பிள்ளைகளுக்கு", "எல்லாருக்கும்", "முதல் பக்கம் மட்டும்". நான்கில் "எனக்கு" என்று இருக்கிறது.